தீயணைப்பு நிலையத்துக்குள் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19 வருடமாகத் தீயணைப்பு வேலையில் இருக்கிறேன். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர், நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பிள்ளைகள், வேலைக்குச் சேர நினைக்கும் இளைஞர்கள் என்று ஆள் மாறினாலும் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் வசதி என்று தோன்றியது. நாட்டுக்கு நாடு விதிமுறை மாறும், வண்டி மாறும், பதவிப் பெயர் மாறும். ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு நிலையத்துக்குள் போனால் பத்து நிமிடத்தில் பேச்சு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் வாழ்க்கை அவ்வளவு ஒன்றுபோல இருக்கும்.

தீ இல்லாத நேரத்தில் என்ன செய்வீர்கள்? தூங்குவீர்களா?

இரவில் கண்ணயரலாம், அதற்கு அனுமதி உண்டு. பகலில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

ஷிஃப்ட் மாறும்போதே வேலை தொடங்கிவிடும். போகிற ஆள் வருகிற ஆளிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்: எந்தப் பம்ப் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, எந்த ஹோஸில் ஒழுகல், இரவில் எங்கே போனோம், எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் தன் மூச்சுக் கருவியைச் சோதிப்பார்கள். சிலிண்டர் வால்வைத் திறந்தால் காற்றழுத்தம் காட்டும் முள் 300 பாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முகமூடியைப் போட்டு, காற்று வரும் வழியை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்தால் ரப்பர் கன்னத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் எங்கோ கசிகிறது. சோதித்து முடித்ததும் பட்டைகளை முழுக்கத் தளர்த்தி வைத்துவிட வேண்டும். அவசரத்தில் தலையில் மாட்டும்போது அது இறுகி இருந்தால் வருகிற எரிச்சலுக்கு அளவே இல்லை.

அதன் பிறகு வண்டி, ஏணி, பம்ப், கட்டர், ரம்பம். பிறகு கழிவறை கழுவுவது, தரை துடைப்பது. ஆமாம், அதையும் நாங்களேதான் செய்கிறோம். பிறகு பயிற்சி, உடற்பயிற்சி, அறிக்கை எழுதுவது, கட்டடங்களைப் போய்ப் பார்ப்பது. பெரிய கட்டடம் ஒன்றில் படிக்கட்டு எங்கே, தண்ணீர் இணைப்பு எங்கே என்பதை எரிவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்?

இடத்துக்கு இடம் வேறு. 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்பது அமெரிக்காவில் சகஜம். பிரிட்டனில் பல இடங்களில் இரண்டு பகல், இரண்டு இரவு, அப்புறம் நான்கு நாள் ஓய்வு. எப்படி இருந்தாலும் ஒரே குழு ஒன்றாகவே சுற்றி வரும். அதனால் ஒருவர் குறட்டை விடுவது எந்தச் சுருதியில் என்பதுகூட மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எழுதாத விதி ஒன்று உண்டு: அடுத்த ஷிஃப்ட்காரர் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே வந்து நின்றுவிடுவார். கடைசி நிமிடத்தில் பெல் அடித்தால் களைத்துப்போன ஆளுக்குப் பதிலாக இவர் ஏறிக்கொள்ளலாம். யாரும் உத்தரவு போட்டதில்லை. ஆனால் எட்டு மணி ஷிஃப்டுக்குச் சரியாக எட்டு மணிக்கு வந்து நிற்பவரைப் பற்றி ஒரு வாரத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் வந்துவிடும்.

பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் கிளம்புவீர்கள்?

அமெரிக்கத் தரநிலை ஒன்று, தீ அழைப்புக்கு 80 விநாடிக்குள் வண்டி நகர வேண்டும் என்கிறது. நடைமுறையிலும் அதை ஒட்டித்தான் இருக்கும். காலணிக்கு மேலேயே கால்சட்டையைச் சுருட்டி நிறுத்தி வைத்திருப்போம். இரண்டு காலையும் உள்ளே விட்டு, குனிந்து தூக்கினால் தோள்பட்டை வரை ஏறிவிடும். கைகள் தாமாகச் செய்கிற வேலை இது. நடுராத்திரியில் பாதி வழி போன பிறகுதான் மூளை எழுந்து, நாம் எங்கே போகிறோம் என்று கேட்கும்.

கம்பத்தில் சறுக்கி இறங்குவீர்களா?

பிள்ளைகளின் முதல் கேள்வி இதுதான். 1878-ல் சிகாகோவில் டேவிட் கென்யன் என்ற தீயணைப்புக் கேப்டன் செய்த ஏற்பாடு அது. குதிரைகள் வண்டி இழுத்த காலம். மாடியில் வைக்கோல் சேமித்திருந்தார்கள். வைக்கோலைக் கட்டப் பயன்படுத்திய கழியைப் பிடித்து ஒருவர் சரேலென்று இறங்கியதைப் பார்த்து, இதையே நிரந்தரமாக வைத்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். மற்ற குழுக்கள் முதலில் சிரித்தன. இவருடைய குழு முதலில் போய்ச் சேர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது கணுக்கால் உடைகிறது என்று பல இடங்களில் கழற்றிவிட்டார்கள், புது நிலையங்களைத் தரைத்தளத்தோடு கட்டுகிறார்கள். எங்களிடம் கம்பம் இல்லை. பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்க்கும்போது ஒன்று வைத்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றும்.

எல்லா அழைப்பும் தீதானா?

இல்லவே இல்லை. அமெரிக்கக் கணக்கில் தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் உண்மையான தீ நூற்றுக்கு 5-க்கும் குறைவு. பெரும்பகுதி மருத்துவ அவசரம். மற்றது விபத்து, வெள்ளம், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள், வாயுக் கசிவு, அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் புகை, காரணமே இல்லாமல் அலறும் அலாரம். மோதிரம் வீங்கிய விரலில் சிக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதற்கென்றே சின்ன ரம்பம் வைத்திருக்கிறோம்.

இந்த வேலையில் நட்பு வேறு மாதிரி என்கிறார்களே, அது எங்கே உருவாகிறது?

நெருப்புக்குள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நெருப்புக்குள் போகும்போது அது ஏற்கெனவே இருக்க வேண்டும். உருவாவது சமையலறையிலும் ஹோஸ் கழுவும் இடத்திலும்தான்.

சமையலறையில் ஒரு பெரிய மேசை இருக்கும். நிலையத்தில் என்ன மாறினாலும் அதை மட்டும் மாற்ற விடமாட்டார்கள். காசு போட்டுச் சாமான் வாங்கி, முறை வைத்துச் சமைப்போம். வெங்காயம் நறுக்கும்போதுதான் ஒருவர் வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியவரும். பாத்திரம் கழுவும்போதுதான் இன்னொருவருக்குக் கடன் இருப்பது தெரியவரும். எதிரெதிரே உட்கார்ந்து, சொல்லு என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகப் பேசும். சமைத்த சாப்பாட்டில் பாதியை ஆறிப்போன பிறகுதான் சாப்பிடுவோம் என்பது தனிக்கதை. இலக்கணமே அப்படி: பரிமாறியதும் பெல் அடிக்கும்.

அப்புறம் ஹோஸ். ஒரு பெரிய தீ முடிந்து திரும்பினால் நனைந்து, சேறும் கரியும் அப்பிய ஹோஸ்கள் மலைபோலக் கிடக்கும். ஒவ்வொன்றையும் விரித்து, தேய்த்துக் கழுவி, காய வைத்து, சுருட்ட வேண்டும். பழைய நிலையங்களில் உயரமான ஒரு கோபுரம் பார்த்திருப்பீர்கள். மணிக்கூண்டு என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே ஹோஸைத் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிய விடுவதற்கு அது. நான் சேர்ந்த முதல் வருடத்தில், அதிகாலை மூன்று மணிக்கு அப்படி ஒரு கழுவல். ஆறு மாதமாக என்னோடு நாலு வார்த்தை பேசாத மூத்த அண்ணன் ஒருவர் ஹோஸின் மறுமுனையைப் பிடித்திருந்தார். நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு ஜோடி காய்ந்த காலுறையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். "நாளைக்குத் துவைச்சுக் கொடுத்திடு தம்பி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குத்தான் நான் அந்த ஷிஃப்டில் சேர்ந்ததாக என் கணக்கு.

புதிதாகச் சேர்ந்தவரை எப்படி நடத்துவீர்கள்? ராகிங் உண்டா?

கேலி உண்டு, நிறைய. புதியவர் முதலில் எழுந்து கடைசியாக உட்கார வேண்டும், தொலைபேசியை முதலில் எடுக்க வேண்டும், பாத்திரத்துப் பக்கம் மற்றவர்களுக்கு முன் போய் நிற்க வேண்டும். இல்லாத கருவியைத் தேடி ஸ்டோருக்கு அனுப்புவார்கள். பத்திரிகையில் படம் வந்துவிட்டால் எல்லோருக்கும் இனிப்பு வாங்கித் தர வேண்டும். இது மூத்தவர்களுக்கும் பொருந்தும்.

எல்லை எங்கே என்றால், கேலிக்கு ஆளாகிறவரும் சிரிக்கிற வரைக்கும். பாதுகாப்புக் கருவியில் கை வைத்து விளையாடக் கூடாது. ஆளின் உடம்பு, குடும்பம், பிறப்பு பற்றிப் பேசக் கூடாது. "நாங்க பட்டோம், அவனும் படட்டும்" என்று சொல்லும் ஆட்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், எங்களிடமும் இருக்கிறார்கள். அப்படி மட்டம் தட்டப்பட்ட புதியவர், புகைக்குள் தனக்குக் காற்று குறைகிறது என்பதைச் சொல்லக் கூச்சப்படுவார். அது எத்தனை பேருக்கு ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உள்ளே போகும்போது ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?

தனியாக யாரும் போவதில்லை. குறைந்தது இரண்டு பேர் உள்ளே, அவர்களுக்காகத் தயாராக வெளியே இரண்டு பேர். உள்ளே போவதற்கு முன் எங்கள் பெயர், சிலிண்டரில் உள்ள அழுத்தம், நேரம் எழுதிய வில்லையை வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைப் பலகையில் செருகிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வந்தால் வில்லை திரும்பக் கிடைக்கும்.

கணக்கு இப்படி: 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 2000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் இழுத்தால் 50 நிமிடம். பதற்றத்தில் நூறு லிட்டர் இழுத்தால் 20 நிமிடம்தான் தாங்கும். 55 பாருக்குப் பக்கத்தில் இறங்கியதும் விசில் கத்தத் தொடங்கும். விசில் கத்தும்போது வாசலில் இருக்க வேண்டும். அப்போதுதான் கிளம்பலாம் என்று நினைப்பவருக்குப் பயிற்சி போதாது. பக்கத்தில் இருப்பவரின் மூச்சுச் சத்தம் வேகமாகிறதா என்பதைக் காதால் கேட்டுக்கொண்டே போவோம்.

புகைக்குள் கண் உதவாது. வெப்பத்தைக் காட்டும் கேமரா வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் அடிப்படை பழைய முறைதான்: ஒரு கை சுவரில், இன்னொரு கை முன்னால் போகிறவரின் காலணியில். வழி தெரியாமல் போனால் ஹோஸைத் தடவிக்கொண்டே வெளியே வரலாம். யாராவது சுமார் அரை நிமிடம் அசையாமல் இருந்தால் அவருடைய கருவி தானாகவே அலறும். அந்தச் சத்தத்தைப் பயிற்சியில் தினமும் கேட்கிறோம். நிஜத்தில் கேட்டால் வயிறு கலங்கும்.

இதில் எதிலும் சேராத ஒரு சின்ன விஷயம். ஹெல்மெட்டுக்கு உள்ளே ஒரு துணி முக்காடு போடுவோம். அதற்கும் முகமூடிக்கும் நடுவே காதோரம் ஓர் இஞ்ச் தோல் தெரிந்தாலும் வெந்துவிடும். அதை நாமே பார்த்துக்கொள்ள முடியாது. வாசலில் குனிந்து நிற்கும்போது கூட இருப்பவர் இரண்டு விரலால் அதைச் செருகிவிட்டு, தோளில் ஒரு தட்டு தட்டுவார். ரொம்ப நாளாகச் சேர்ந்து வேலை செய்பவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் இதைச் செய்வார்கள்.

கூட வந்தவர் உள்ளே மாட்டிக்கொண்டால்?

பதில் சினிமாவில் வருவது மாதிரி இருக்காது. மாட்டியவரை எடுக்கவே தனிக்குழு வெளியே நிற்கும், அவர்கள்தான் போவார்கள். மற்றவர்கள் பாய்ந்துவிடக் கூடாது.

1999 டிசம்பர் 3-ஆம் தேதி, அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. ஜன்னலே இல்லாத மாதிரியான கட்டடம், உள்ளே வீடற்றவர்கள் இருக்கலாம் என்று தேடப்போன இரண்டு வீரர்கள் வழி தவறினார்கள். அவர்களைத் தேடிப்போனவர்களில் நான்கு பேரும் திரும்பவில்லை. இன்னும் பலர் உள்ளே போகத் துடித்துக்கொண்டு நின்றபோது, மாவட்டத் தலைவர் மைக் மெக்னமீ வாசலை மறித்து நின்று, இனி யாரும் போகக் கூடாது என்றார். வெளியே நின்றவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் வருடக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். முதலில் தேடப்பட்ட வீடற்றவர்களோ, ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

புதியவர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன். உள்ளே போனவர்களின் துணிச்சல் அவர்களுக்கு உடனே புரிகிறது. வாசலை மறித்தவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது புரியச் சில வருடம் பிடிக்கிறது.

எப்போதும் ஒற்றுமைதானா? சண்டை வராதா?

வராமல் எப்படி? 24 மணி நேரம் ஒரே கூரைக்குக் கீழே. மின்விசிறி வேகம், தொலைக்காட்சி ரிமோட், என் குவளையை எடுத்தது யார், இதற்கெல்லாம் பெரிய போரே நடந்திருக்கிறது. எங்கள் ஷிஃப்டில் இருவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதில் வந்த தகராறில் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆள் மூலம்தான். அந்த மூன்று வாரத்துக்கு நடுவே ஒரு கிடங்குத் தீ. ஜோடி பிரிக்கும்போது அவர்கள் இருவரும் ஒன்றாக அமைந்துவிட்டார்கள். ஒருவர் மற்றவரின் முகமூடிப் பட்டையை இழுத்துச் சரிபார்த்தார், முக்காட்டைச் செருகினார், தோளில் தட்டினார். வாயை மட்டும் திறக்கவில்லை. திரும்பி வந்த பிறகும் இன்னும் நாலைந்து நாள் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மோசமான அழைப்புக்குப் பிறகு எப்படித் தாங்குகிறீர்கள்? சில சமயம் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களே?

சிரிப்பது உண்மை. வெளியாள் கேட்டால் முகம் சுளிக்கும் நகைச்சுவைதான் அது. பாதிக்கப்பட்டவர் காதில் விழும்படி ஒருநாளும் கூடாது. எங்களுக்குள் அது ஒரு வடிகால்.

சிரிப்பு வராத நாட்களும் உண்டு, குழந்தைகள் சம்பந்தப்பட்டவை குறிப்பாக. ஒரு சாலை விபத்திலிருந்து திரும்பிய மாலை, எங்கள் இளையவர் ஏற்கெனவே பளபளவென்று இருந்த கட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மூத்தவர் ஒருவர் இன்னொரு துணியை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டரின் மறுபக்கத்தைத் துடைத்தார். ஒரு மணி நேரம் கழித்து இளையவர் பேச ஆரம்பித்தார்.

மறுநாளே எல்லோரையும் கட்டாயமாக வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்லும் பழக்கம் ஒரு காலத்தில் பரவியது. அப்படி ஒரே ஓர் அமர்வு மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு பல இடங்களில் அதைக் கைவிட்டார்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராதது, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது, குடி அதிகமாவது, காரணமில்லாத கோபம் இவை தெரிந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். நான் போயிருக்கிறேன். அதைச் சமையலறை மேசையில் சொல்லியும் இருக்கிறேன், ஏனென்றால் அதற்கு அடுத்த மாதமே இன்னொருவர் என்னிடம் வந்து விலாசம் கேட்டார்.

பெண்கள் இந்த வேலைக்கு வருகிறார்களா?

வருகிறார்கள். சுலபமாக வரவில்லை. நியூயார்க்கில் முதல் பெண் தீயணைப்பு வீரர்கள் சேர்ந்தது 1982-ல்தான், அதுவும் உடற்தகுதித் தேர்வு நியாயமாக இல்லை என்று பிரெண்டா பெர்க்மன் என்ற பெண் வழக்குப் போட்டு வென்ற பிறகு. பல நிலையங்களில் இன்றும் பெண்களின் உடம்புக்குப் பொருந்தும் உடுப்பு இல்லை. தொளதொளவென்ற கையுறையோடு முடிச்சுப் போட்டுப் பாருங்கள், தெரியும். எங்கள் ஷிஃப்டில் பம்ப் இயக்குவதில் ஒரு சகோதரிக்கு நிகரான ஆள் கிடையாது. சத்தத்தை வைத்தே அழுத்தத்தைச் சொல்லிவிடுவார்.

உடம்புக்கு எது பெரிய ஆபத்து?

தீக்காயம் என்று நினைப்பீர்கள். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் வீரர்களுக்கு ஆண்டாண்டு காலமாக முதல் காரணம் மாரடைப்பு. தூக்கத்திலிருந்து பெல் எழுப்பும்போது இதயம் அடிக்கும் அடி, 20 கிலோவுக்கு மேல் சுமை, கடும் வெப்பம், ஒழுங்கில்லாத தூக்கம் எல்லாம் சேர்ந்து செய்வது அது.

இரண்டாவது புற்றுநோய். 2022-ல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. நான் சேர்ந்த காலத்தில் கரி படிந்த உடுப்பு பெருமை. கழுவிய கோட்டோடு வந்தால் "கல்யாணத்துக்கா போறே?" என்பார்கள். அந்தக் கரிதான் தோல் வழியாக உள்ளே இறங்குகிறது என்று இப்போது தெரிகிறது. சம்பவ இடத்திலேயே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக் கழுவி, உடுப்பைப் பையில் கட்டி, நிலையம் வந்ததும் குளித்துவிட வேண்டும். உடுப்போடு சமையலறைக்குள் நுழையக் கூடாது. மூத்தவர்களை இதற்குப் பழக்குவதுதான் பெரும்பாடு. கடைசியில் ஓர் அண்ணன் கரிக் கோட்டோடு மேசையில் உட்கார்ந்தபோது, சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன் எழுந்து நின்று "அண்ணே, வெளியில கழட்டிட்டு வாங்க" என்றான். மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

"அங்கேயே ஒரு குடும்பம் இருக்கே, இங்கே எதுக்கு வர்றீங்க" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். நியாயம்தான். விசேஷ நாட்களில் பாதி நாங்கள் இருப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் முதல் சில மணி நேரம் சுரத்தில்லாமல் இருப்போம். பிள்ளையின் பள்ளி விழாவுக்காக ஒருவர் கேட்டால், இன்னொருவர் தன் ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து நிற்பார். அந்தக் கணக்கை நோட்டில் எழுதுவதில்லை, ஆனால் யாரும் மறப்பதும் இல்லை.

ஷிஃப்டில் சொல்லக் கூடாத வார்த்தை ஏதாவது உண்டா?

"இன்னைக்கு அமைதியா இருக்கே." சொன்னவரைத்தான் அடுத்த பெல்லுக்குப் பொறுப்பாக்குவோம்.

நிலையத்துக்கு வந்து பார்க்கலாமா?

பெரும்பாலான நிலையங்களில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம். பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள், ஹெல்மெட் போட்டுப் பார்க்கட்டும். முகமூடி போட்ட ஒருவரையும் கட்டாயம் பார்க்கட்டும். புகைக்குள் அந்த உருவத்தைக் கண்டு பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளியும் குழந்தைகள் உண்டு. நாங்கள்தான் அது என்று முன்பே தெரிந்தால் வெளியே வருவார்கள்.

வந்த இடத்தில் பெல் அடித்தால் சுவரோரமாக ஒதுங்கி நில்லுங்கள், வண்டிக்கும் வாசலுக்கும் நடுவே மட்டும் வேண்டாம். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். நீங்கள் உங்களுடையதைக் குடித்து முடிக்கலாம்.